58,000 ரூபாய்க்கு ஒரு 2019 மாடல் பைக்: வாங்கலாமா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: காஞ்சிபுரத்தில் வீடு, ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஷிஃப்ட். போக வர தினம் 60 கிலோமீட்டருக்குக் குறையாது. கையில் 55,000 ரூபாய் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் 2019 மாடல் 125 சி.சி. பைக் ஒன்று வந்திருக்கிறது. "ஒரே ஓனர், ஃபுல் கண்டிஷன், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, 58,000 ரூபாய்" என்கிறார்களாம். இது நியாயமான விலையா? இல்லையென்றால் நியாயமான விலைக்கு வண்டியை எப்படித் தேடிப் பிடிப்பது?

வண்டியைப் பார்க்காமலே சொல்லலாம், அந்த விலை அதிகம். எவ்வளவு அதிகம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள முடியும். இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால், அடுத்து எந்த வண்டி வந்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்கள் செய்வது என்னவென்றால், ஆன்லைனில் அதே மாடலுக்குப் பத்து விளம்பரம் பார்த்து, சராசரியாக ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்வது. விளம்பரத்தில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. வண்டி என்ன விலைக்குக் கைமாறியது என்பது அதில் வராது. வாரக்கணக்கில் விற்காமல் கிடக்கிற வண்டிதான் விளம்பரத்தில் அதிக நாள் இருக்கும், அதனால் நம் கண்ணில் படுவதும் அதுதான். ஆகவே கணக்கைப் புது வண்டியின் இன்றைய விலையிலிருந்து ஆரம்பியுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 100, 125 சி.சி. வண்டிகளில் இதனால் சுமார் ஆறு முதல் எட்டாயிரம் ரூபாய் வரை ஷோரூம் விலை இறங்கியது. ஆனால் பழைய வண்டி விற்கிற பலர் இன்னும் அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும். பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. அதே ரகத்தில் இன்று ஒரு புது வண்டிக்கு ஷோரூமில் கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆன்ரோடு விலையை விட்டுவிட்டு எக்ஸ்-ஷோரூம் விலையைப் பாருங்கள். சாலை வரி, முதல் ஓனர் கட்டிய இன்ஷூரன்ஸ், அவர் போட்ட கிராஷ் கார்டு, சீட் கவர் எல்லாம் அவர் அனுபவித்துவிட்ட செலவு. விற்பவர் பெரும்பாலும் இவற்றையும் சேர்த்துச் சொல்வார். அதற்கு நீங்கள் மறுபடி பணம் தர வேண்டியதில்லை.

அடுத்தது தேய்மானம். இதற்கு இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஒரு அட்டவணை இருக்கிறது. ஐ.டி.வி. என்று, இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பாக, பாலிசியில் ஒரு தொகை போட்டிருப்பார்களே, அது இந்த அட்டவணையில் வருவதுதான். ஓர் ஆண்டு முடிந்த வண்டிக்கு 20 சதவீதம் கழிவு, இரண்டு முடிந்தால் 30, மூன்று முடிந்தால் 40, நான்கு முடிந்து ஐந்து வரை 50. ஐந்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ்காரரும் ஓனரும் பேசி வைக்கும் தொகை. நம் ஊரில் மைலேஜ் தரும் வண்டிகளுக்கு எப்போதும் ஆள் இருப்பதால் சந்தை விலை ஐ.டி.வி.யைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். எக்ஸ்-ஷோரூம் 80,000 என்று வைத்துக்கொண்டால், ஆறு வயதான, நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு 125 சி.சி. வண்டிக்கு 45,000 என்பது கௌரவமான விலை. இன்னொன்றும் செய்யுங்கள். விற்பவரின் கடைசி பாலிசியை வாங்கிப் பார்த்து, அதில் அவரே ஒப்புக்கொண்ட ஐ.டி.வி. எவ்வளவு என்று பாருங்கள். அது முப்பதாயிரத்துச் சொச்சமாக இருந்து, உங்களிடம் ஐம்பத்தெட்டு கேட்டால், இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி (அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமானது) என்றால் அதில் ஐ.டி.வி. இருக்காது.

இந்த 45,000 குறையில்லாத வண்டிக்கு. உங்கள் முன் நிற்கும் வண்டி அந்த நிலைக்கு வர எவ்வளவு செலவாகும் என்பதைக் கழிக்க வேண்டும். பின் டயர் தேய்ந்திருந்தால் சுமார் 2,000, செயின் ஸ்பிராக்கெட் செட் 1,500, பேட்டரி 1,400, ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ, கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 1,500. இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஒரு வருட தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், வரி தனி. பெயர் மாற்றச் செலவையும் சேர்த்தால் எட்டாயிரத்தைத் தொட்டுவிடும். அப்படியானால் இந்த வண்டிக்கு நீங்கள் தரக்கூடியது 37,000. எல்லாமே சரியாக இருந்தால் 45,000. இதற்கு நடுவில் எங்கே நிற்பது என்பதை வண்டியும் ஆர்.சி.யும் சொல்லும்.

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு, உங்கள் வண்டிக்கு நேராகப் பொருந்துவது. 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். 2019-இல் வாங்கிய வண்டிக்கு அது 2024-இல் முடிந்திருக்கும். ஐந்து வருடம் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாமல் இருந்ததால், பலர் அதற்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை. "இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று அவர் நம்பிச் சொல்வார், பார்த்தால் காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். தேதியை நீங்களே பாருங்கள். காலாவதி என்றால், டெஸ்ட் ரைடு போகும்போது விபத்து நடந்தால்கூட இழப்பீட்டுச் சுமை வீட்டுக்கு வரும்.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் பேப்பரைப் பார்க்கச் சொல்வேன். பலர் மாற்றிச் செய்கிறார்கள். வண்டியை ஓட்டிப் பார்த்து மனசு போய்விட்டால், அப்புறம் பேப்பரில் வரும் குறை கண்ணில் படாது.

வண்டி எண்ணை வாங்கி பரிவாஹன் தளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ போடுங்கள். பதிவு தேதி, வண்டியின் ரகம், ஃபிட்னஸ் எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா என்று வரும். பெயரின் சில எழுத்துகள் மறைத்து வரும். ஆனாலும் எதிரில் நிற்பவர் பெயரோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (எச்.பி., கடனுக்கு வண்டி அடமானம்) என்று ஒரு வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், "கடன் எப்பவோ முடிஞ்சிடுச்சு" என்ற வார்த்தை போதாது. ஃபைனான்ஸ்காரர் தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), அடமானப் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். கடன் முடிந்தும் இதை வாங்காமல் வருடக்கணக்கில் விட்டவர்கள் நிறைய. அந்த ஃபைனான்ஸ் கிளையே மூடிப்போயிருந்தால் அலைச்சல் உங்களுடையதாகிவிடும். எச்.பி. கேன்சல் செய்து கொடுத்தால்தான் முழுப் பணம் என்று சொல்லிவிடுங்கள்.

அபராத நிலுவையையும் அதே எண்ணில் இ-சலான் பக்கத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகளை உயர்த்திய பிறகு, ஹெல்மெட் இல்லாமல் போனதற்கே 1,000 ரூபாய். கேமரா பிடித்தது ஓனருக்கே தெரியாமல் நாலைந்து சேர்ந்திருக்கும். அதை அவர் கட்ட வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும்.

ஒரே ஓனர் என்கிறார்களே, அந்த ஓனர் யார் என்பதுதான் இந்த வியாபாரத்தில் மிக முக்கியமான கேள்வி. ஆர்.சி.யில் ஒருவர் பெயர் இருக்கும். அவர் நான்கு வருடம் முன்பே விற்றிருப்பார், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பார். ஓப்பன் ஃபார்ம் என்று சொல்வார்கள். அந்த வண்டி அப்படியே மூன்று கை மாறி உங்களிடம் வரும்போதும் ஏட்டில் 'சிங்கிள் ஓனர்' தான். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். இப்போது பெயர் மாற்றம் ஆன்லைனில் போகிறது. பழைய ஓனரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவைப்படும். பழைய ஓனர் வெளிநாட்டிலோ, எண் மாற்றியோ, விவரம் தெரியாத ஊரிலோ இருந்தால் எந்தப் புரோக்கராலும் சுலபமாக முடித்துத் தர முடியாது. அதனால் ஆர்.சி.யில் இருப்பவர் நேரில் வரவில்லையென்றால் விலை பேசாதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

"அப்பா வண்டி, அவர் தவறிட்டார்" என்று விற்பவர்களும் உண்டு. பெரும்பாலும் நல்ல வண்டியாகத்தான் இருக்கும், பொறுமையாக ஓட்டியிருப்பார்கள். ஆனால் அதற்கு முதலில் வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் வைத்து, படிவம் 31 மூலம் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு. அவர்கள் அதைச் செய்துவிட்டு அழைக்கட்டும், காத்திருங்கள்.

விற்பவர் பெயர் மாற்றத்துக்கு வர யோசித்தால், அவருக்கு இதைச் சொல்லுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு கார் பல பேரிடம் கைமாறியிருக்கிறது, ஆனால் ஆர்.சி. முதல் ஓனர் பெயரிலேயே இருக்கிறது. விபத்தில் இழப்பீடு தர வேண்டியவர் யார் என்றால், விற்று எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது பெயர் மாற்றம் உங்களைவிட அவருக்குத்தான் அவசரம். இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை கூடவே வருவார்கள்.

சரி, பேப்பர் சுத்தம். இப்போது வண்டி.

கிளம்புவதற்கு முன் போன் செய்து, "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் இன்ஜின் பிளாக்கின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னால் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் ஸ்டார்ட்டில் நிறையச் சொல்லும். ஒன்றிரண்டு உதையில் பிடிக்கிறதா, பிடித்ததும் சைலன்சரில் என்ன வருகிறது, தலைப்பக்கம் டிக் டிக் என்று டைமிங் செயின் சத்தம் வருகிறதா, சூடாக ஆக அது குறைகிறதா கூடுகிறதா. காலையில் கொஞ்சம் நீராவி போல் வந்து மறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீலம் கலந்த புகை நிற்காமல் வந்து, கருகிய எண்ணெய் வாடை அடித்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், போர் வேலை என்று போகும். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இன்ஜின் வேலைக்குக் கழித்துக் கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம், ஏனென்றால் அந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்று பிரித்துப் பார்க்கும் வரை எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

இன்ஜின் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட போல்ட்டின் முனைகள் பளபளப்பாகவோ மழுங்கியோ இருக்கும். மூடி சேரும் இடத்தில் கேஸ்கெட் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்திருக்கும். பிரித்ததே தவறு என்று சொல்லவில்லை. ஏன் பிரித்தீர்கள், பில் இருக்கிறதா என்று கேட்க இது ஒரு காரணம். கேட்டதும் நேராகப் பதில் வந்தால் நம்பலாம்.

விபத்தில் அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க, பெயின்ட்டைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ஹேண்டில்பாரை இடது, வலது என்று கடைசிவரை திருப்புங்கள். சேஸின் கழுத்துப் பகுதியில், ஹேண்டில் அதற்கு மேல் திரும்பாமல் தடுக்க ஒரு சிறிய இரும்புத் தடுப்பு இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி வேகமாக மோதி விழுந்திருந்தால் ஹேண்டில் பலமாகத் திரும்பி அந்தத் தடுப்பில் அடித்திருக்கும். அது நசுங்கியிருக்கும், அல்லது வெல்டிங் செய்து பெயின்ட் அடித்திருப்பார்கள். டேங்கையும் மட்கார்டையும் மாற்றுபவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. கையோடு கோன்செட்டையும் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்) பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கி நிற்பது போல் இருந்தால் கோன்செட் போய்விட்டது. பெரிய செலவு இல்லை, விலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

38,000 கிலோமீட்டர் என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டரை மாற்றுவது கஷ்டமான வேலையே இல்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 0819 என்றால் 2019-இன் எட்டாவது வாரம் தயாரானது. 38,000 ஓடிய வண்டியில் பின் டயர் மாறியிருப்பது இயல்பு. அதுவே 12,000 என்று காட்டுகிற மீட்டரும் இரண்டாவது செட் டயரும் ஒன்றாக இருந்தால் எங்கோ பொய் இருக்கிறது. கியர் லிவர், பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சாவி இவையெல்லாம் ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தேயும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஓனரை அழைத்துக்கொண்டு போய் வண்டி எண்ணைக் கொடுத்தால், எந்த சர்வீஸில் எத்தனை கிலோமீட்டர் என்று கணினியில் இருக்கும். அவர் வர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றி நம் பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையும் சுற்றுவட்டாரமும், அதே மாதம் தூத்துக்குடியும் நெல்லையும், 2024 ஃபெஞ்சலில் விழுப்புரம், புதுச்சேரிப் பக்கமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் தண்ணீரில் நின்றன. வாட்டர் சர்வீஸ் செய்து பாலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றிப் பேட்டரி பெட்டியின் மூலைகளைப் பாருங்கள், காய்ந்த வண்டல் இருக்கும். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் பனி படிந்தது போல் மங்கல், ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஒரு தண்ணீர்க் கோடு, வயரிங் கனெக்டரில் பச்சைப் பூப்பு, டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு. இதில் இரண்டு சேர்ந்து தென்பட்டால் வேண்டாம். வயரிங் தொல்லை அந்த வண்டியை விட்டுப் போகாது. உங்களுக்கோ இரவு ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் ரோட்டில் தனியாக வர வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு நண்பரைப் பின்னால் இன்னொரு வண்டியில் வரச் சொல்லுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றனவா, ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் விட்டு மறுபடி பிடிக்கும்போதும் புகை வருகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஒரே முறுக்கு முறுக்கிப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடித்து ஃபோர்க்கை அமுக்கி எடுத்து, உள்குழாயில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்தால் பல் பாதி தெரிந்தால் செட் மாற்ற வேண்டும். இவையெல்லாம் தேய்மானச் செலவு, வண்டியை வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை. தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் வண்டி 2019 என்பதால் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் தகடு கட்டாயம். ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியில் சாதா ஸ்டிக்கர் பிளேட் இருந்தால், அந்தத் தகடு எங்கே போனது என்று கேளுங்கள். உடைந்ததா, தொலைந்ததா, புகார் கொடுத்தார்களா? சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். சேஸ் நம்பர் 17 எழுத்து. பொறித்த இடத்தில் சுரண்டலோ, எழுத்துகள் ஏறி இறங்கியோ இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது, அது பெரும்பாலும் பி.எஸ்.-4 (அப்போதைய புகை விதி), கார்புரேட்டர் வண்டியாக இருக்கும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 வந்தபோது இந்த ரக வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறின. கார்புரேட்டர் வண்டியை எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார், செலவு குறைவு. இன்ஜெக்ஷன் வண்டி மழையிலும் குளிரிலும் தொல்லை தராமல் ஸ்டார்ட் ஆகும், ஆனால் சென்சாரோ பெட்ரோல் பம்போ போனால் ஸ்கேன் கருவி இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2019 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஆகவே பெட்ரோல் ஓஸ், கார்புரேட்டர் ரப்பர் பாகங்கள் இறுகி வெடித்திருக்கின்றனவா என்று பார்த்து, சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான். என்னைக் கேட்டால், இதே 45,000 - 50,000 ரூபாய்க்கு 2020 - 21 இன்ஜெக்ஷன் 100 அல்லது 110 சி.சி. வண்டி, முதல் ஓனரிடம் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

காரணம் பெட்ரோல். தினம் 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 தரும் வண்டிக்கு 34 லிட்டருக்கு மேல் வேண்டும், 60 தரும் வண்டிக்கு 26 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அதே விலைக்குப் பழைய 200 சி.சி. வண்டியும், வயதான புல்லட்டும்கூடக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அவை வேண்டாம். 1996-இல் தயாரிப்பு நின்ற ஆர்.எக்ஸ். 100-க்கு இன்றும் சிலர் புது வண்டி விலை கொடுக்கிறார்கள். அது அந்த வண்டி மேல் இருக்கும் பிரியத்துக்கான விலை. வேலைக்குப் போகும் வண்டிக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவர வேண்டாம்.

வண்டி எங்கே தேடுவது? உங்களுக்கு நல்ல இடம் உங்கள் கம்பெனியே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை மாறி ஊர் போகிறவர்கள், புரமோஷனில் புது வண்டி எடுப்பவர்கள் எந்த மாதமும் இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டு வையுங்கள். வண்டியை தினம் பார்க்கிங்கில் பார்த்திருப்பீர்கள், ஓட்டுபவரும் தெரிந்தவர். அடுத்து, உங்கள் தெரு மெக்கானிக். எந்த வண்டி சரியாக சர்வீஸுக்கு வருகிறது, யார் விற்க நினைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வண்டி அமைந்தால் ஐந்நூறு, ஆயிரம் கொடுங்கள், அது தகும்.

ஆட்டோ கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் கடையில், வாங்கினால் சில ஆயிரம் கூடும். அவர்களுக்கு லாபம் வேண்டும், கடை வாடகை இருக்கிறது, அது நியாயமே. பதிலுக்கு பெயர் மாற்றம் அவர்கள் பொறுப்பு என்று பில்லில் எழுதித் தர வேண்டும். பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஃபைனான்ஸ் யார்டில் கிடைக்கும் சீசிங் வண்டி (தவணை கட்டாததால் பிடித்து வைத்தது) மலிவு, ஆனால் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கும். கூட ஒரு மெக்கானிக் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். போலீஸ் ஏலமும் அப்படியே. புதுச்சேரிப் பதிவு வண்டி விலை குறைவாகச் சொன்னால், அங்கே வரி குறைவு என்பதுதான் காரணம். என்.ஓ.சி. வாங்கித் தமிழ்நாட்டு வரி கட்டி எண் மாற்றினால் அந்த லாபம் கரைந்துவிடும்.

ஆன்லைனில், "ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் டிரான்ஸ்ஃபர், வண்டியை பார்சலில் அனுப்பி வைக்கிறேன், முன்பணம் போடுங்க" என்று சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பி யாராவது பேசினால் அது மோசடி. சந்தேகமே வேண்டாம். சந்தை விலையில் பாதிக்கு நல்ல வண்டி என்று வரும் விளம்பரம் பெரும்பாலும் இந்த வகைதான். வண்டியையும் ஆர்.சி.யில் உள்ள ஆளையும் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

நேரமும் விலையைத் தீர்மானிக்கும். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலை ஒட்டிப் புது வண்டி எடுப்பவர்கள் பழசைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அதற்கு அடுத்த வாரங்களில் கன்சல்டிங் கடைகளில் வண்டி நிறைந்திருக்கும். ஆடியில் வாங்குபவர்கள் குறைவு. உங்களுக்கு அந்தச் சம்பிரதாயம் தடையில்லை என்றால் பேரம் பேச நல்ல மாதம்.

பேரம் என்றதும் வண்டியைக் குறை சொல்வது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆறு வருடம் வைத்திருந்தவரிடம் அவர் வண்டி சரியில்லை என்றால் அவருக்குக் கோபம்தான் வரும், விலை இறங்காது. "வண்டி நல்லா வெச்சிருக்கீங்க. டயர், செயின், பேட்டரி, இன்ஷூரன்ஸ் இதுக்கு எனக்கு இவ்வளவு ஆகும் அண்ணே" என்று குறித்த தாளைக் காட்டிப் பேசுங்கள். 58,000 கேட்டவர் நேரே 40,000-க்கு வரமாட்டார். குறைந்த வேலை உள்ள வண்டியானால் 43,000, அதிகபட்சம் 45,000 என்று நீங்கள் நில்லுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த விலைக்கு வேறு ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் அவரே அழைப்பார். அழைக்கவில்லையென்றால் வேறு வண்டி பாருங்கள். 100, 125 சி.சி. வண்டிகளுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை.

முடிவானால், டோக்கன் அட்வான்ஸாக ஆயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியை ஆர்.சி.யில் பெயர் இருப்பவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். படிவம் 29, 30-இல் உங்கள் பெயர், முகவரி எல்லாம் நிரப்பிய பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும். டெலிவரி நோட் ஒன்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேதியோடு நேரமும் இருக்க வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு அந்த வண்டி எங்கோ இடித்திருந்து, நீங்கள் மாலை நான்குக்கு எடுத்திருந்தால், அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். ஒரிஜினல் ஆர்.சி., இரண்டு சாவி, இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று எல்லாம் அப்போதே கைக்கு வரட்டும்.

பெயர் மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட் கேட்பது அதைவிட அதிகம். ஆனாலும் ஷிஃப்ட் வேலையில் லீவு போட்டு அலைய முடியாதென்றால் கொடுப்பதில் தவறில்லை, ரசீதை மட்டும் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்ட் பார்ட்டி காப்பு வண்டியோடு வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் கிடைக்க வேண்டிய தொகை பெயர் மாற்றாமல் வராது. முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவருக்கே சொந்தம், அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும்.

2024 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி. அட்டை விரைவுத் தபாலில்தான் வருகிறது. வாடகை வீடு என்றால் ஆவணத்தில் இருக்கும் முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும், ஏஜென்ட்டின் எண்ணைப் போடவிடாதீர்கள். பின்னால் இந்த வண்டியை நீங்கள் விற்கும்போது ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும்.